கப்பல் காத்திருக்கக் கூடாது

கிள்ளான் துறைமுகத்தைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பிறந்தேன். பண்டமாரானிலேயே தவணைக்கு வீடு வாங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றேன். என் பிள்ளைகள் படித்ததும் துறைமுகத்துக் காசில்தான். உண்ட வீட்டைப் புகழ எனக்குக் கூச்சம் இல்லை. இங்கே சொல்லும் பாராட்டு எல்லாம் மனமறிந்து சொல்வது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் தலைமைக் கிராணி எனக்கு ஒரே பாடம்தான் நடத்தினார்: "தம்பி, கப்பல் காத்திருக்கக் கூடாது." அவ்வளவுதான். அதற்குள் இருந்த கணக்கு புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. நங்கூரம் போட்டுச் சும்மா நின்றாலும் கப்பலின் வாடகை ஓடும். பெரிய கொள்கலன் கப்பலுக்கு ஒரு நாள் வாடகையே பல்லாயிரம் அமெரிக்க டாலர். அதற்கு மேல் எண்ணெய், மாலுமிகளின் சம்பளம். இங்கே ஆறு மணி நேரம் தவறினால் அடுத்த துறையில் பிடித்து வைத்த இடம் போய்விடும். அங்கே தவறினால் அதற்கடுத்த துறை. ஆகவே கப்பல் நீரிணைக்குள் நுழையும் முன்பே பைலட் தயாராக இருக்க வேண்டும், இழுவைப் படகு தயாராக இருக்க வேண்டும், கப்பலைக் கட்டி நிறுத்தும் பாலத்தடியில் இடம் காலியாக இருக்க வேண்டும், சுங்கத் தாள்கள் ஒப்பமாகி இருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் நாங்கள் எழுந்து போவோம். தீபாவளி அன்றும் போயிருக்கிறேன்.

இந்த ஒரு பாடத்தை வெள்ளைக்காரன் காலம் தொட்டு இந்த நாட்டை ஆண்டவர்கள் எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மரியாதை வருகிறது.

தண்ணீர்வழிக்கு அரசு ஏன் பணம் போட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் எளிது. கால்வாயை ஆழப்படுத்தினால் அதில் எவன் கப்பலும் வரும். கலங்கரை விளக்கைக் கொளுத்தினால் காசு கொடுத்தவனுக்கு மட்டும் அது வெளிச்சம் காட்டாது. பலன் எல்லார்க்கும் போகும் வேலையைத் தனி வியாபாரி ஒருவன் தன் பையிலிருந்து எடுத்துச் செய்ய மாட்டான். ஊர்ப் பொதுக் குளத்தை யார் தூர்வாருவது என்ற பழைய கேள்விதான் இது. அரசு முன்வந்து வாரினால், ஊருக்கே விளைச்சல்.

கிள்ளானில் அப்படித்தான் விளைந்தது. கோலாலம்பூர் ஈயம் ஒரு காலத்தில் ஆற்றுவழியாகப் படகில் இறங்கியது. வளைந்து வளைந்து போகும் ஆறு, மழைக்காலத்தில் ஒரு வேகம், வறட்சியில் ஒரு மணல்திட்டு. 1886இல் சிலாங்கூர் அரசு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை ரயில்பாதை போட்டது. ஈயத்தில் வந்த வரிப்பணத்தை ஈயம் இறங்கும் வழிக்கே திருப்பிப் போட்டார்கள். பிறகு ஆற்றுத்துறையின் ஆழம் பெரிய நீராவிக் கப்பல்களுக்குப் போதவில்லை என்று கண்டு, ஆற்றின் வாயருகே சதுப்பு நிலத்தில் புதுத் துறை கட்டி, ரயிலையும் அங்கே நீட்டினார்கள். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்தது. கிள்ளான் தீவும் கெத்தாம் தீவும் இண்டா தீவும் அலையைத் தடுத்து நிற்பதால் தடுப்புச் சுவர்கூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை. இடம் பார்த்தவர்களுக்குக் கண் இருந்தது.

ஆனால் கொசுவும் இருந்தது. துறை திறந்த கையோடு மலேரியா பரவியது. காடு வெட்டியவர்கள், கூலிகள், ரயில்வே ஆட்கள், அதிகாரிகள் என்று வரிசையாகப் படுத்தார்கள். திறந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. அப்போது கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். சதுப்பை வடிக்க வேண்டும், கரை எழுப்ப வேண்டும், காட்டை விலக்க வேண்டும் என்றார். அரசு பணத்தை ஒதுக்கியது. சில மாதங்களில் நோய் சரிந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் புத்தறிவைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பில் முதன்முதலாக ஊரளவில் செய்துகாட்டிய இடங்களில் ஒன்றாகக் கிள்ளானும் அதன் துறைமுகமும் மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தன.

எவ்வளவு வேகம் பாருங்கள். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கு வடிகால் வர மாதக் கணக்குதான் ஆனது. பால்மரத் தோட்டங்களின் லயங்களுக்கு அதே வடிகால் வந்து சேர ஆண்டுகள் ஆயின. லயத்துக்காரர்களுக்கு வந்ததும் அதே காய்ச்சல்தான், கடித்ததும் அதே கொசுதான்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே இறங்கியவர். அவர் ஏறிய கப்பலுக்கு அவர் காசு கொடுக்கவில்லை. இதை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்: "அரசாங்கமே டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்தது." ஓரளவு உண்மை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். தென்னிந்தியத் தொழிலாளியை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் ஆள் கணக்குக்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கங்காணி ஊரில் ஆள் சேர்ப்பார், முகாமில் வைத்துச் சோறு போடுவார்கள், கப்பல் கட்டணம் கட்டுவார்கள், இங்கே இறங்கியதும் தனிமை முகாமில் வைத்துப் பார்த்துத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். கடன் எழுதி வாங்கி ஆளை அடிமையாக்கும் பழைய ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்ததற்கு இந்த நிதி பெரிய காரணம். ஒரு முதலாளி காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆளை அடுத்த தோட்டத்துக்காரன் இழுத்துக்கொள்ளும் தகராறும் தீர்ந்தது, எல்லாரும் சேர்ந்து கட்டியதால். பொதுக் குளத்துக் கணக்கை ஆட்களைக் கொண்டுவரும் கப்பலுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். நிர்வாகம் என்று பார்த்தால் இதில் குறை சொல்ல இடம் குறைவு.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. ஆள் வேண்டாம் என்றானது. வரும் வழிக்குக் காசு கொடுத்த அதே ஏற்பாடு, போகும் வழிக்கும் கொடுத்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். என் தாத்தாவின் தம்பி அதில் ஒருவர். அண்ணன் தம்பி இருவரும் துறைமுகத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்ததாகவும், கப்பல் குறித்த மணிக்குப் புறப்பட்டுவிட்டதாகவும் தாத்தா சொல்வார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த நிதி சுதந்திரத்துக்குப் பின் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது. 1999இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைக் கலைத்தது. இருந்த சொத்து அரசாங்கத்திடம் சேர்ந்தது. தாத்தாவின் தலைக்கு முதலாளி கட்டிய வரி கப்பலாகி, முகாமாகி, மீந்தது கருவூலம் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கு முடிந்தது. பேரன் கையெழுத்து எங்கும் தேவைப்படவில்லை.

அப்பா துறைமுகத்தில் கூலியாக இருந்தார். அப்போது எல்லாக் கப்பலையும் பாலத்தில் கட்ட இடம் கிடையாது. நடுத்தண்ணீரில் நிற்கும். தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் போய் ஒட்டிக்கொண்டு சரக்கு இறக்கும். தொங்கானில் நின்று, மேலே இருந்து இறங்கும் வலைமூட்டையைக் கொக்கியால் இழுத்து அடுக்குவது அப்பாவின் வேலை. அரிசி, சிமெண்டு, உரம், சர்க்கரை, எது வந்தாலும் சாக்குதான். கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூரை வாரையில் மாட்டுவார். மரப்பிடி, அரைச்சாண் வளைவு, முனை மட்டும் தேய்ந்து வெள்ளியாய் மின்னும். எங்களைத் தொட விடமாட்டார்.

1966ஆம் ஆண்டு ஒருநாள் அலை தூக்கிய நேரத்தில் வின்ச் கம்பிக்கும் கப்பலின் விளிம்புக்கும் இடையே அவருடைய இடக்கை மாட்டியது. இரண்டு விரல் போயிற்று. அப்பா அந்த நாளைப் பற்றி எப்போதும் முறையிட்டதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் வியப்போடு சொல்வார். கையில் துணி சுற்றி அவரைப் படகில் இறக்கும் முன்பே கூலிகளின் மேற்பார்வையாளரான மண்டோர் அவர் இடத்துக்கு வேறோர் ஆளை இறக்கிவிட்டாராம். வலைமூட்டை ஒன்றுகூடத் தவறவில்லை. கப்பல் அன்று சாயங்காலம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அப்பாவின் இழப்பீட்டுக் கடிதம் வந்தது பத்தொன்பது மாதம் கழித்து. அந்தப் பத்தொன்பது மாதமும் அம்மா பக்கத்துச் சீனர் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினாள். அந்தக் கடைக்காரர் மலாயா அவசரகாலத்தில் கம்பிவேலி போட்ட புதுக்கிராமத்துக்குள் பெயர்த்து வைக்கப்பட்ட குடும்பத்து மனிதர். காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். ஒருநாளும் அவர் அம்மாவிடம் கடனைக் கேட்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 1973இல் முதல் கொள்கலன் முனையம் வந்தது. சாக்கும் கொக்கியும் போய்ப் பெட்டி வந்தது. பத்து நாள் நின்று சரக்கு இறக்கிய கப்பல் ஒரே நாளில் திரும்பியது. ஒரு கிரேன் மணிக்கு முப்பது பெட்டி தூக்கினால், அந்த முப்பது பெட்டியில் இருப்பதைச் சாக்காகத் தூக்க அப்பாவின் கூட்டத்தைப்போல எத்தனை கூட்டம் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று ஒருமுறை அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எட்டு விரலை மடக்கி நீட்டி எண்ணி, நடுவில் விட்டுவிட்டார். "நல்லதுதான்டா. இனி எவன் கையும் மாட்டாது" என்றார். நானும் அதையே சொல்கிறேன். அது நல்லதுதான்.

1986இல் அந்த முனையத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். மலேசியாவில் தனியார்மயமான முதல் துறைமுக வேலை அதுதான். உலக வங்கிக்காக நான்கு நாடுகளில் பன்னிரண்டு நிறுவனங்களை அலசிய ஆய்வு ஒன்று 1994இல் வெளிவந்தது. அதில் கிள்ளான் முனையமும் ஒன்று. வேகம் கூடியது, இலாபம் கூடியது, வேலையில் நீடித்தவர்களின் வருமானமும் கூடியது என்று அது சொன்னது. நான் அந்தக் காலத்தில் தினமும் முனையத்துக்குள் போய்வந்தவன். வேகம் கூடியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு 1993இல் எடுத்தது. அதுவரை நம் நாட்டுச் சரக்கில் பெரும்பகுதி சிறு கப்பலில் சிங்கப்பூர் போய், அங்கே பெரிய கப்பல் மாறித்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. ஈப்போவில் செய்த ரப்பர்க் கையுறை ஆனாலும் பினாங்கில் செய்த வானொலி ஆனாலும், இரண்டு முறை ஏற்றிறக்கக் கூலி. அந்தக் கூலி யார் தலையில்? செய்தவன் தலையில், கடைசியில் அங்கே வேலை செய்தவன் சம்பளத்தில். கிள்ளானைத் தேசத்தின் முதன்மைச் சரக்கு மையமாக அரசு அறிவித்தது. 1994இல் இண்டா தீவில் மேற்குத் துறைமுகத்துக்கு உரிமம் கொடுத்தது. அதுவரை படகேறிப் போய்க்கொண்டிருந்த தீவுக்குப் பாலம் வந்தது. சாலை வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பெட்டியைத் தொடாத துறைமுகம், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 2024இல் 1 கோடியே 46 லட்சத்தைக் கையாண்டது. சிங்கப்பூருக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு 80,000 கப்பல்களுக்கு மேல் கடந்துபோகும் மலாக்கா நீரிணையில், "இங்கே நில்" என்று கப்பலை நிறுத்திக் காட்டியது சாதாரணக் காரியமா? பெரிய கப்பல் நேரே வந்து நின்றால் அந்த இரட்டைக் கூலி மிச்சம். அந்த மிச்சத்தில் தொழிற்சாலை வரும், குடோன் வரும், சுங்க முகவர், லோரி நிறுவனம், கப்பலுக்குக் காய்கறி கொடுப்பவர் என்று ஊர் வளரும். என் சம்பளமும் அதில் ஒரு துளி. பொதுப்பணத்தைத் தண்ணீரில் போட்டால் பலனாகத் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

துறைமுகத்துக்கு என்றால் கருவூலம் எவ்வளவு தாராளமாகத் திறக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இண்டா தீவில் சுதந்திர வணிக வளாகம் கட்ட 1,000 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. துறைமுக ஆணையம் சதுர அடி 25 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை பேசி, 108 கோடியே 80 லட்சம் வெள்ளிக்கு வாங்கியது. அதே நிலத்தைத் தீவு மக்களின் கூட்டுறவுச் சங்கம் சில ஆண்டுகளுக்கு முன்புதான் 9 கோடியே 50 லட்சம் வெள்ளிக்குக் கைமாற்றியிருந்தது. சங்கத்துக்காரன் கையில் இருந்தபோது சதுர அடிக்கு இரண்டரை வெள்ளிகூடப் பெறாத மண், துறைமுகத்துக்கு என்றதும் பத்து மடங்குக்கு மேல் மதிப்புப் பெற்றது. 2009 மே மாதம் வெளியான தணிக்கை அறிக்கையின்படி, வட்டியெல்லாம் சேர்த்து அந்தத் திட்டத்தின் செலவு 745 கோடி வெள்ளி. தவணை தவறினால் 1,250 கோடி வரை போகலாம் என்றும் அது எச்சரித்தது. மத்திய அரசு 463 கோடி வெள்ளி மென்கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஒருவர் மீது வழக்கு நடந்து, 2013இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வளாகம் இன்று ஓடுகிறது, குடோன்களில் ஆட்கள் இருக்கிறார்கள். கடனும் கட்டப்பட்டு வருகிறது. இவ்வளவு பெரிய சறுக்கலைத் தாங்கிக்கொண்டு எழுந்து நிற்கும் துறைமுகத்தின் பலத்தை வியக்காமல் இருக்க முடியாது. பத்தொன்பது மாதம் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தவரின் மகனாக, அந்த மென்கடன் வந்த வேகத்தையும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். பண்டமாரானை வெளியூர்க்காரர்கள் பலகையில்தான் பார்த்திருப்பார்கள். கேசாஸ் நெடுஞ்சாலை தொடங்குவது இங்கேதான். இங்கிருந்து ஸ்ரீ பெட்டாலிங் வரை முப்பத்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் நேர்சாலை. துறைமுகப் பெட்டி கோலாலம்பூரைத் தொட அது ஒரு முக்கிய வழி. துறைமுகத்துக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கும் மேல் ஒரு கப்பலில் இறங்கி மறு கப்பலில் ஏறிவிடும், துறைமுகத்தைத் தாண்டாது. மீதியே பல லட்சம். அதில் ரயிலில் ஏறுவது கொஞ்சம், 1901இலேயே துறைமுகம் வரை தண்டவாளம் வந்துவிட்ட ஊரில். மற்றதெல்லாம் லோரி.

காலை ஐந்தரைக்கு என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். ஏழு மணிக்குள் கோலத்தின் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும். பெட்டி ஏற்றிய டிரெய்லர் போனால் சமையலறை அலமாரியில் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொள்ளும். காலிப் பெட்டி என்றால் சத்தம் வேறு, தகரம் குதிக்கும். எந்த லோரி நிறைந்தது, எது காலி என்று என் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பள்ளிக்கூட நேரத்தில் சந்திப்பைக் கடக்கப் பிள்ளைகள் நிற்கிறார்கள். பதினெட்டுச் சக்கரம் திரும்பி முடியும்வரை நிற்க வேண்டும். அடுத்ததும் பின்னாலேயே வந்தால் அதற்கும் நிற்க வேண்டும். வாகன ஓட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள்.

பக்கத்து வீட்டுத் தம்பி டிரெய்லர் ஓட்டுகிறான். அப்பா இல்லாத பையன். அம்மாவும் அவனும்தான். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து கால் நீவிக்கொண்டிருந்தான். நேற்று எத்தனை டிரிப் என்றேன்.

"ரெண்டுதான் அங்கிள். கேட்டுக்கு வெளியே மட்டும் அஞ்சு மணி நேரம் நின்னேன். சிஸ்டம் டவுனாம்."

"நின்ன நேரத்துக்கு?"

"டிரிப்புக்குத்தான் காசு அங்கிள். நின்னா ஒண்ணும் இல்ல."

பெட்டி முனையத்தில் ஒரு நாள் அதிகம் கிடந்தால் அதற்கு வாடகை உண்டு. காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் அபராதம் உண்டு. கப்பலைத் தாமதப்படுத்தினால் டெமரேஜ் உண்டு. அந்தக் கணக்கை எழுதி எழுதியே என் கண்பார்வை போனது. காத்திருக்கும் நேரத்துக்கு இவ்வளவு துல்லியமாக விலை போடத் தெரிந்த ஒரு துறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரும்புப் பெட்டிக்குக்கூட விலை போட்டிருக்கிறோம். முப்பத்து நான்கு ஆண்டில் அந்தப் படிவங்களில் லோரி ஓட்டிக்கு ஒரு கட்டம் இருந்து நான் நிரப்பியதில்லை. அந்தக் கட்டம் ஏன் இல்லை என்று நானும் கேட்டதில்லை. அது எனக்கு இப்போது வலிக்கிறது.

கழிவறை உள்ள நிறுத்துமிடம், தூங்க ஓர் அறை, குடியிருப்புக்குள் நுழையாத தனிச்சாலை, ரயிலில் கூடுதல் பெட்டி, மழை பெய்து கடலும் ஏறும் நாளில் தெருத்தண்ணீர் வடிய ஒரு நல்ல கால்வாய் என்பவை எல்லாம் கப்பல் போக்குவரத்தைச் சேர்ந்தவைதான். கப்பல் கொண்டுவந்த பெட்டி எங்கள் தெரு வழியாகப் போகும்வரை கப்பல் செலவு முடியவில்லை. அந்தக் கடைசிப் பகுதிச் செலவைக் கோலத்திலும் மூச்சிலும் தூக்கத்திலும் நாங்கள் கட்டுகிறோம். பொதுக் குளம் பற்றிய அதே நியாயம் இங்கேயும் பொருந்தும்: பலன் பலருக்குப் போகும் வேலை என்பதால் தனி ஆள் செய்ய மாட்டான், ஆகவே அரசு செய்ய வேண்டும். 1901இல் சதுப்பை வடித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. துறைமுக வேலிவரை தெரிந்திருந்தது.

தண்ணீர்மேல் ஆட்கள் போவதைப் பற்றியும் கொஞ்சம். ஒரு காலத்தில் ரஜூலா கப்பல் இங்கே வந்து நிற்கும். 1926இல் கட்டிய கப்பல், மேல்தட்டில் ஐயாயிரம் பேர் வரை ஏற்ற உரிமம் பெற்றது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு இந்திய அரசின் கப்பல் நிறுவனம் சிதம்பரம் கப்பலை விட்டது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு அந்த வழி நின்றது. தோட்டத்துக்காரனும் ரயில்வே கூலியும் மூட்டை முடிச்சோடு ஊர் போய்வந்த வழி அது. பித்தளைக் குடம், மிளகாய் மூட்டை, ஆட்டுக்கல் எல்லாம் அதில்தான் வந்தன. அம்மாவின் ஆட்டுக்கல் இன்னும் என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. இந்திய அரசு நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பலைத் தொடங்கி, நின்றுபோனதை 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடவிட்டு, செலவிலும் கைகொடுத்தது. டிக்கெட்டில் மட்டும் பார்த்தால் அது இலாபம் தரும் வழியாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டு பிரிந்த இரண்டு கரை மக்களுக்கு அது என்ன பெறும் என்பதை டிக்கெட் கணக்கில் எழுத முடியாது. எங்கள் துறைமுகத்தில் கொள்கலனுக்குக் கட்டிய பாலத்தின் நீளத்தை என்னால் கண்ணால் அளந்து முடிக்க முடியாது. கெத்தாம் தீவுக்கு மீனவக் குடும்பங்களை ஏற்றிப் போகும் படகுத்துறையை நாலு எட்டில் நடந்துவிடலாம்.

மேற்குத் துறைமுகத்தின் உரிமத்தை 2082 வரை நீட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலை இன்னும் தூர்த்து, புதிய பாலங்கள் கட்டி, கையாளும் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கப் போகிறார்கள். இவ்வளவு தூரம் முன்னால் பார்க்கும் கண் எத்தனை அரசுகளுக்கு உண்டு? 2082இல் என் பேத்திக்கு அறுபத்தாறு வயது. அவள் அதே வீட்டில் இருந்தால், இரு மடங்கு பெட்டி அந்தச் சந்திப்பைக் கடக்கும். அந்தச் சந்திப்பைப் பற்றி, அதன் வடிகாலைப் பற்றி, அதில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி 2082 வரை யோசித்த ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் அதையும் இதே மனதோடு பாராட்டி எழுதுவேன். என் கையில் தெம்பு இருக்கும்போதே அது வரவேண்டும்.

இதை எழுதும்போது இரவு பதினொன்று. கடல்பக்கம் கப்பல் ஒன்று ஊதுகிறது. நீண்ட ஒற்றை ஊதல், துறையை விட்டுப் புறப்படுகிறது என்று அர்த்தம். சொன்ன நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கும். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. தம்பியின் அம்மா சோற்றுப் பாத்திரத்தைத் தட்டால் மூடிவைத்துவிட்டுக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன்புதான் போன் வந்தது, சுவருக்கு இப்பால் எனக்கே கேட்டது.

"எங்கப்பா இருக்க?"

"கேட்டுலதான்மா. இன்னும் பதினோரு லோரி முன்னால நிக்குது. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

அவள் படுக்கவில்லை.